சாமி வந்தது யாருக்கு? குழம்பிப்போன ஒரு காமெடி ஒன்லைனைச் சரிசெய்வது

தம்பி, உங்கள் கேள்வி இரண்டு. காமெடித் திரைக்கதைக்கு நீங்கள் எழுதிய ஒன்லைனை (கதையை ஓரிரு வரியில் சொல்லும் சுருக்கத்தை) கேட்டவர்கள் எல்லோரும் "புரியல" என்கிறார்கள், கோளாறு எங்கே? உருப்படியான கருத்தை யாரிடம், எப்படிக் கேட்டு வாங்குவது? படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று நீங்கள் எழுதியதை அப்படியே போட்டுக்கொள்கிறேன்.

"அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் சுடலைமாடன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கும் இசக்கிமுத்து, நண்பன் மாரியப்பனின் அல்வாக் கடைக்குப் பணத்தைக் கொடுத்து ஏமாற, மும்பையிலிருந்து வரும் தாய்மாமன் மகள் செல்வி, அவளைப் பெண் கேட்கும் ஊர்த்தலைவர் மகன் துரை, வில்லுப்பாட்டுக்காரர் என எல்லோருக்கும் இடையே திடீரென்று சாமி வந்து ஆட, அது உண்மையா பொய்யா என்று தெரியாமல் ஊரே குழம்ப, திருடன் யார் என்ற கேள்வியும் எழ, காதல், நட்பு, பக்தி மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒருவன் எப்படித் தன்னைக் கண்டடைகிறான் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதை."

நம்ம பக்கம் கொடை என்றால் கோயில் திருவிழா, வரி என்றால் அதற்காக ஊரில் பிரிக்கும் பணம். கதையில் சரக்கு இல்லாமல் இல்லை. கொடைப் பணத்தை விட்டவனே சாமியாடுகிறான் என்ற ஒரு விஷயத்துக்குள் இரண்டு மணி நேரச் சிரிப்பு இருக்கிறது. ஆனால் 62 சொல் உள்ள இந்த வாக்கியத்தில் 'சாமி' என்ற சொல் 33-வதாகத்தான் வருகிறது. அதுவும் யாருக்கு வந்தது என்ற தகவல் இல்லாமல் வருகிறது. உங்கள் நண்பர்கள் "யாருக்கு சாமி வந்துச்சுன்னு சொல்லுதிய?" என்று கேட்டிருப்பார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆள்மாறாட்டம், பொய் வேஷம் என்று குழப்பக் காமெடி எழுதுகிறவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் இது. கதைக்குள் ஆட்கள் குழம்புகிறார்கள், ஆகவே ஒன்லைனிலும் அந்தக் குழப்பம் தெரிய வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஊர் குழம்புவதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டுமென்றால் நமக்கு எல்லாம் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை குழப்பமும் எந்த ஒரு பொய்யிலிருந்து முளைக்கிறதோ, அந்தப் பொய் யாருடையது, எதற்காகச் சொன்னான், அது அவனை எங்கே கொண்டுபோய் மாட்டுகிறது, இவ்வளவையும் ஒன்லைன் சொன்னால் போதும். மற்ற குழப்பங்களைக் கேட்பவரே ஊகித்துக்கொள்வார்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். ஏமாற, ஆட, குழம்ப, எழ. இந்த நான்கு எச்சங்கள்தான் உங்கள் ஒன்லைனைக் கவிழ்த்தவை. தமிழில் 'செய்து' என்ற வாய்பாட்டு எச்சம் (போய், வாங்கி, ஏமாந்து) போட்டால் பொதுவாக எழுவாய் மாறாது. போனவனும் வாங்கியவனும் ஏமாந்தவனும் ஒரே ஆள். 'செய' என்ற வாய்பாட்டு எச்சம் (போக, வாங்க, ஏமாற) போட்டால் எழுவாய் மாறலாம். மழை பெய்ய நெல் விளைந்தது என்கிறோமே, அதுபோல. அந்த வசதி நம்மைக் கெடுத்துவிடுகிறது. ஒவ்வொரு 'அ'விலும் ஆள் மாறிக்கொண்டே போகலாம், வாக்கியம் முடியவே வேண்டாம். முதல் எச்சத்தில் ஆள் இசக்கிமுத்து, இரண்டாவதில் சாமி, மூன்றாவதில் ஊர், நான்காவதில் கேள்வி. கடைசியில் "ஒருவன்" என்று ஒரு புது ஆள் வந்து நிற்கிறான். அந்த ஒருவன் இசக்கிமுத்துதான் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்பவருக்குத் தெரியாது, அவர் துரை என்றுகூட நினைக்கலாம். படத்தின் முன்னோட்டக் குரலில் இந்த நடை எடுபடும், ஏனென்றால் அங்கே படம் ஓடிக்கொண்டிருக்கும், முகம் தெரியும். வெறும் எழுத்தில் எடுபடாது. ஒன்லைனில் 'செய' எச்சம் ஒன்றுக்கு மேல் வந்தால் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். ஒன்லைன் என்றால் ஒரே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு, மூன்று சின்ன வாக்கியங்கள் தாராளமாக இருக்கலாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில ஒன்லைனுக்கு 25 முதல் 35 சொல் என்பது வழக்கில் உள்ள கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் இன்னும் குறைந்த சொற்களில் அடங்கும். ஆகவே 30 சொல்லைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் சுமக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்க இடமில்லாமல் திணறினால் நீளம்.

பெயர்கள் நான்கு: இசக்கிமுத்து, மாரியப்பன், செல்வி, துரை. போதாததற்கு சுடலைமாடன், அம்பாசமுத்திரம், மும்பை. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏழு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் சிரிக்கவும் சொல்கிறோம். பெயர் எந்தத் தகவலையும் தருவதில்லை. "வரி பிரிக்கிறவன்" என்பது தருகிறது. ஒன்லைனில் ஆளுக்கு அவன் செய்யும் வேலையும், அந்த வேலைக்கோ சூழ்நிலைக்கோ பொருந்தாத ஒரு குணமும் போதும். திரைக்கதையில் இசக்கிமுத்து இசக்கிமுத்துவாகவே இருக்கட்டும். நம்ம பக்கத்துப் பெயர், மாற்ற வேண்டாம்.

அடுத்த கோளாறு கொஞ்சம் ஆழமானது. "அது உண்மையா பொய்யா என்று தெரியாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் நடிக்கிறான் என்பதைக் கேட்பவரிடமிருந்தே மறைக்கிறீர்கள். சஸ்பென்ஸ் என்று நினைத்துச் செய்திருப்பீர்கள். திகில் படம் என்றால் சரி. காமெடியில் இது தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வது. சாமி பொய் என்று நமக்குத் தெரிந்தால்தான், ஊர்ப் பெரியவர் ஒருவர் அவன் காலில் விழும்போது அவன் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரிப்போம். தெரியாவிட்டால் நாமும் ஊரோடு சேர்ந்து கும்பிட்டுக்கொண்டு நிற்போம். உச்சக்காட்சியில் நிஜமாகவே சாமி வருகிறது என்று ஒரு திருப்பம் வைத்திருந்தால், அதைத் திரைக்கதையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்லைனில் அதற்கு வேலை இல்லை.

"தன்னைக் கண்டடைகிறான்", "சிரிக்கச் சிரிக்க", "காதல், நட்பு, பக்தி" மூன்றையும் வெட்டுங்கள். எந்தப் படத்தின் ஒன்லைனிலும் இவற்றை ஒட்டலாம்; அதனாலேயே எதற்கும் உதவாது.

வெட்டிய பிறகு மிஞ்சுவது இது:

"கோயில் கொடைக்குப் பிரித்த பணத்தை இழந்தவன், சாமி வந்ததுபோல் நடித்து ஊரை ஏமாற்றுகிறான்."

தெளிவாகிவிட்டது, ஆனால் உயிர் இல்லை. ஏமாற்றுகிறான், சரி, அப்புறம்? அவன் நினைத்தது நடந்துவிட்டதே. அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆளும் அயோக்கியனாகத் தெரிகிறான். பணம் எப்படிப் போனது என்பதைச் சேர்த்தால் அயோக்கியத்தனம் போய்விடும். "நண்பனை நம்பி" என்று இரண்டே சொல் கூடினால் கேட்பவர் அவன் பக்கம் வந்துவிடுவார். அல்வாக் கடை வேண்டாம். திருநெல்வேலி, ஏமாற்றம், அல்வா மூன்றையும் சேர்த்து எழுதும் சிலேடையை எல்லோரும் முன்கூட்டியே எதிர்பார்ப்பார்கள், அதில் புதுசு ஒன்றும் இல்லை.

இனிப் பொறி, அதாவது அவன் மாட்டிக்கொள்ளும் இடம். உங்கள் ஒன்லைனில் "திருடன் யார் என்ற கேள்வியும் எழ" என்று போகிற போக்கில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்களே, படமே அங்கேதான் இருக்கிறது. பணம் காணோம். ஊரில் சாமியாடி புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். ஊர் என்ன செய்யும்? அவனிடமே போய்க் குறி கேட்கும்.

"நண்பனை நம்பிக் கோயில் கொடைப் பணத்தை இழந்தவன், தப்பிக்கச் சாமி வந்ததுபோல் ஆடுகிறான். அதை நம்பிய ஊர், பணத்தை எடுத்தவன் யாரென்று அவனிடமே குறி கேட்கிறது."

இந்த 'அவனிடமே'வில் உள்ள ஏகாரத்தில்தான் கேட்பவர் முதல்முறையாகச் சிரிப்பார். தப்பிப்பதற்குப் பிடித்த வழியே அவனை மாட்டிவிடுகிறது. காமெடி ஒன்லைனில் இப்படி ஒரு முரண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'கலகலப்பான' என்று எழுதுவதால் கலகலப்பு வராது.

ஆனாலும் இது முடிச்சுப் போட்டதோடு நின்றுவிடுகிறது. அவன் என்ன செய்யப் போகிறான், எப்போதுக்குள், தோற்றால் என்ன ஆகும் என்பது வேண்டும். நாள் கெடு உங்களுக்குத் தேடாமலே கிடைத்திருக்கிறது. பல கோயில்களில் கொடைக்கு ஒரு வாரம் முன்னாலேயே, தொடக்கமாகக் கால் (கம்பம்) நாட்டிவிடுவார்கள். கால் நாட்டியாயிற்று என்றால் கொடையை நிறுத்துவதும் தள்ளிப்போடுவதும் லேசில்லை. வில்லுக்கும் மேளத்துக்கும் அட்வான்ஸ் போயிருக்கும், வெளியூரில் இருக்கிற வரிதாரர்கள் ரயிலேறியிருப்பார்கள். ஆக, பொய் கால்நாட்டு அன்று தொடங்கினால் கொடை வரைக்கும் ஒரு வாரம். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் எல்லாக் கணக்கும் தீர்ந்தாக வேண்டும்.

"நண்பனை நம்பிக் கோயில் கொடைப் பணத்தை இழந்த பயந்தாங்கொள்ளி ஒருவன், தப்பிக்கச் சாமி வந்ததுபோல் ஆடுகிறான். அதை நம்பிய ஊர், பணத்தை எடுத்தவன் யாரென்று அவனிடமே குறி கேட்கிறது. கொடைக்குள் அவன் பணத்தைப் புரட்ட வேண்டும். முடியாவிட்டால் ஒரு நிரபராதியைக் கைகாட்ட வேண்டும்."

31 சொல். ஒன்று கூடுதல்தான், பரவாயில்லை. தொகையைப் போடாதீர்கள். மூன்று லட்சம் என்று வைத்தால், அந்த ஊருக்கு அது பெரிய பணம், சென்னையில் தயாரிப்பாளர் அலுவலகத்தில் அது ஒரு நாள் படப்பிடிப்புக்கே காணாது. படிக்கிறவருக்குப் பதற்றம் வராது.

'பயந்தாங்கொள்ளி' என்ற சொல்லை ஏன் நுழைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 'அப்பாவி இளைஞன்', 'ஜாலியான பையன்' என்றெல்லாம் எழுதுவார்கள். அந்த அடைமொழிகள் கதையில் எதையும் மாற்றுவதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த சாமி சுடலைமாடன். சாமக்கொடையில் சுடலை வேட்டைக்குப் போக வேண்டும். சல்லடமும் குல்லாவும் கட்டி, வேல் போன்ற வல்லயமும் தீப்பந்தமும் பிடித்து, நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போகிற சாமி அது. யாரும் எதிரே வரக்கூடாது என்று ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். இருட்டில் கொல்லைப்புறம் போகவே துணைக்கு ஆள் கூப்பிடுகிறவன் அந்த வேஷத்தில் மாட்டினால் என்ன ஆகும்? கொடை தெரிந்தவர்கள் அந்த ஒரு அடைமொழியைக் கேட்டதுமே சுடுகாட்டுக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். அடைமொழி ஒன்றுதான் போட இடம் இருக்கிறது. உச்சக்காட்சியில் அவனைப் படாதபாடு படுத்தப்போகும் குணத்தைப் பார்த்துப் போடுங்கள்.

செல்வியும் துரையும் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். ஒரு ஆளை ஒன்லைனில் வைக்க வேண்டுமா என்பதற்குச் சோதனை எளிது. அவரை எடுத்துவிட்டால் பொய் நிற்கிறதா, பொறி நிற்கிறதா? நின்றால் அவர் ஒன்லைனுக்குத் தேவையில்லை. துரையை எடுத்தால் ஒன்றும் ஆகாது. செல்வியை எடுத்தாலும், இப்போதைக்கு, ஒன்றும் ஆகாது. அது ஒன்லைனின் குறை இல்லை, திரைக்கதையின் குறை. காதல் கதை ஒரு பக்கம், களவுக் கதை ஒரு பக்கம் என்று இரண்டு வண்டி தனித்தனியே ஓடுகிறது.

வில்லுப்பாட்டுக்காரரோ வேறு மாதிரி. அவரைப் போகிற போக்கில் ஒரு சொல்லாக வைத்திருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கதையில் மிகவும் ஆபத்தான ஆள் அவர்தான். யோசித்துப் பாருங்கள். வில்லில் சுடலை கதை பாடும்போது சாமி எந்த இடத்தில் வேண்டுமானாலும் இறங்கிவிடாது. பாட்டின் வேகமும் உடுக்கின் வேகமும் குடத்தின் அடியும் சேர்ந்து ஏறுகிற கட்டம் ஒன்று உண்டு. சாமியாடும் கோமரத்தாடிக்கு அங்கேதான் உடம்பு உதறும். அதை வருஷக்கணக்காக எதிரே உட்கார்ந்து பார்த்தவர் அவர். உங்கள் ஆள் பொய்யாக ஆடும்போது கட்டாயம் தப்பான இடத்தில்தான் துள்ளுவான். பாட்டு இன்னும் கதைத் தொடக்கத்தில் வரும் கைலாயத்தைத் தாண்டாதபோதே இவன் "ஏய்" என்று எழுந்து நிற்பான். ஊரே கும்பிடும். அவர் மட்டும் வில்லை அடிக்கும் வீசுகோலை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இவனுக்கும் தெரிந்துவிடும்.

இப்போது அந்த வில்லுப்பாட்டுக்காரரையே தாய்மாமனாக, செல்வியின் அப்பாவாக ஆக்கிவிடுங்கள். மகள் மும்பையில் வேலை பார்த்துவிட்டுக் கொடைக்கு வருகிறாள், அது அப்படியே இருக்கட்டும். முன்பணம் வாங்கியவர் என்பதால் ஊருக்கு ஏற்கெனவே அவர் மேல்தான் சந்தேகம் என்று வைத்தால், 'ஒரு நிரபராதியை' என்ற இடத்தில் 'தாய்மாமனை' என்று போட்டுவிடலாம். அவர் வாயைத் திறந்தால் இவன் கதை முடிந்தது, இவன் விரலை நீட்டினால் அவர் கதை முடிந்தது, நடுவில் செல்வி. நான்கு பேர் செய்துகொண்டிருந்த வேலையை இரண்டு பேர் செய்வார்கள். துரை வேண்டுமென்றால் திரைக்கதையில் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக் கோளாறு வாக்கியத்திலா கதையிலா என்று தெரிந்துகொள்ள, ஒன்லைன் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம். கதையை ஆறேழு வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' போட்டுப் பாருங்கள். பணம் போகிறது, அதனால் சாமியாடுகிறான், ஆனால் ஊர் குறி கேட்கிறது, அதனால் நாள் தள்ளுகிறான். இப்படிப் போனால் கதை நடக்கிறது. 'அப்புறம்', 'இதற்கிடையில்' என்று மட்டுமே ஒட்ட முடிகிற வரி ஒன்லைனுக்குள் வரக்கூடாது. உங்கள் பழைய ஒன்லைனில் மும்பையிலிருந்து செல்வி வருவது அப்படிப்பட்ட 'இதற்கிடையில்'. கூடவே ஒரு தாளில் ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே 'என்ன தெரியும்', 'என்ன தப்பாக நினைக்கிறார்' என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்புங்கள். எதிரே ஒன்றும் எழுத முடியாத ஆள் குழப்பக் காமெடியில் வெறும் கூட்டம்.

கருத்துக் கேட்பதற்கு வருகிறேன். பெரும்பாலோர் செய்வது, எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பது. முதல் ஆள் "சூப்பர் மக்கா" என்பான். அதற்குப் பிறகு வருகிற எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவார்கள். முதல் ஆள் "புரியலலே" என்று சொல்லிவிட்டால் அத்தனை பேருக்கும் புரியாமல் போய்விடும். இரண்டும் உங்களுக்குப் பயன்படாது. தனித்தனியாகக் கேளுங்கள்.

எழுத்தில் அனுப்புவதைவிட வாயால் சொல்வது நல்லது. நேரில் முடியாவிட்டால் குரல் பதிவு அனுப்புங்கள். எழுத்தாக இருந்தால் புரியாதவர் இரண்டாம் தரம் படித்துச் சமாளித்துவிடுவார், உங்களுக்குக் கோளாறு தெரியாமல் போய்விடும். ஒரு தரம் சொல்லுங்கள். முன்னுரை கிடையாது, "அதாவது என்னன்னா" கிடையாது. சொல்லிவிட்டு, "இப்ப நீங்க எனக்குக் கதையைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எதை விட்டுவிட்டார், எதை மாற்றினார், எங்கே இழுத்தார். விட்டது தேவையில்லாதது. மாற்றியது நீங்கள் தெளிவாகச் சொல்லாதது. "அவன் வந்து... அந்த... யாரு" என்று இழுத்த இடத்தில் உங்கள் எழுவாய் தொலைந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "அடுத்து என்ன நடக்கும்னு நெனைக்கிய?" காமெடி ஒன்லைனுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. வேலை செய்கிற ஒன்லைன் என்றால் கேட்டவர் தானாகவே காட்சி சொல்ல ஆரம்பித்துவிடுவார். "வேற ஒருத்தன் வந்து 'நான்தான் பணத்தை எடுத்தேன், சாமி'ன்னு கால்ல விழுந்தா எப்படி இருக்கும்?" என்பார். பணம் எடுக்காதவன் ஒருவன் வேறு ஏதோ குற்றத்துக்குப் பயந்து வந்து ஒப்புக்கொள்கிறான் என்றால் அது அருமையான காட்சி. நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களோ இல்லையோ, ஒன்லைன் ஓடுகிறது என்பதற்கு அது அத்தாட்சி. "நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னால் ஓடவில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். ஒருவர் ஒரு ஒன்லைனை முதல் தரம் கேட்பது ஒரே ஒரு முறைதான். திருத்திய வடிவத்தை அவரிடமே சொன்னால் பழைய கதையும் சேர்ந்து அவர் தலைக்குள் இருக்கும், புரிந்ததுபோல் தெரியும். பத்துப் பேர் இருந்தால் முதல் வடிவத்துக்கு மூன்று பேர், திருத்தியதற்கு மூன்று பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், மிச்சம் கையில் இருக்கட்டும். அந்த மூன்றில் ஒருவர் கொடை தெரிந்த உள்ளூர்க்காரர், ஒருவர் கோவை, வேலூர் பக்கத்தில் கொடையைப் பார்த்தே இராதவர், ஒருவர் எழுதுகிறவர். எழுதுகிறவரைக் கடைசியில் வையுங்கள். அவர் கோளாறைச் சொல்வதோடு நிற்காமல் தன் கதையாக்கிக் கையில் கொடுத்துவிடுவார்.

வருகிற பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, தள்ளவும் கூடாது. "ஹீரோ யாரு?" என்றால் முதல் எட்டுச் சொல்லுக்குள் ஆள் வரவில்லை. "இதுல காமெடி எங்க இருக்கு?" என்றால் முரண் கண்ணில் படவில்லை. "நல்ல மெசேஜ்" என்றால் சிரிப்பு செத்துவிட்டது, உடனே திருத்துங்கள். "ரெட்டை வேஷமா மாத்திருங்க", "துபாய்ல இருந்து வர்ற மாதிரி வைங்க" என்பதெல்லாம் யோசனைகள். யோசனையை விட்டுவிட்டு அவர் எந்த இடத்தில் அதைச் சொல்லத் தொடங்கினார் என்பதை மட்டும் பாருங்கள். மூன்றில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் திருத்த வேண்டும். ஒருவர் மட்டும் தடுக்கினால் அடுத்த மூன்று பேர் வரை பொறுங்கள். 'புரியவில்லை' வேறு, 'பிடிக்கவில்லை' வேறு. முதலாவதற்கு நீங்கள் பொறுப்பு. இரண்டாவது அவர் இஷ்டம்.

கோவைக்காரரிடம் நீங்கள் எதிர்பார்க்காத தடங்கல் ஒன்று வரும். 'கொடை' என்றால் அவருக்கு தானம், 'வரி' என்றால் அரசாங்க வரி. "கோயிலுக்கு எதுக்கு வரி கட்டணும்?" என்பார். வெளியே அனுப்பும் படியில் 'கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரில் பிரித்த பணம்' என்று எழுதிவிடுங்கள், இரண்டு மூன்று சொல் கூடினாலும் சரி. அதற்காக ஊர்ப் பேச்சைக் காட்ட "ஏலே"யும் "வே"யும் ஒன்லைனில் போட வேண்டியதில்லை. வசனத்தில் அது வேண்டிய மட்டும் வரும். ஆங்கிலத்தில் கேட்கிற நிறுவனங்களுக்குத் தமிழை வரிக்கு வரி மாற்றாமல், முரணை மட்டும் பிடித்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள்.

தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வரப்போகும் முதல் கேள்வி "சாமி சமாச்சாரமாச்சே, பிரச்சனை வராதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. சுடலை பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். 1952-ஆம் வருஷத்து சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் கீழ் 1991-இல் வந்த தணிக்கை வழிகாட்டுதல்களிலும் மதத்தையோ ஒரு பிரிவினரையோ இழிவுபடுத்தும் காட்சியும் சொல்லும் கூடாது என்று இருக்கிறது. உங்கள் கதையில் சிரிப்புக்கு ஆளாகிறவன் பயந்தவன்தான், சாமியும் இல்லை, கும்பிடுகிறவர்களும் இல்லை. அது ஒன்லைனின் வினைச்சொல்லிலேயே தெரிய வேண்டும். "ஊரை முட்டாளாக்குகிறான்" என்றால் ஊர் கேலிப்பொருள். "ஊர் நம்புகிறது, அவன் மாட்டுகிறான்" என்றால் அவன் கேலிப்பொருள். ஊருக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சை ஒன்லைனுக்குள் கொண்டுவராதீர்கள். நம்ம பக்கம் அது காமெடிக்கு ஆகிற விஷயம் இல்லை.

கதையை யாராவது சுட்டுவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறவர்கள் நிறைய. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு நாடகத்தைத் தழுவி இந்திப் படம் எடுத்ததாக எழுந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொல்லிவிட்டது. ஆக, ஒன்லைனைப் பூட்டி வைப்பதால் பாதுகாப்பு ஒன்றும் கூடப்போவதில்லை. நாலு பேரிடம் சொல்லித் திருத்துங்கள். நிறுவனங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் சுருக்கத்தையும் திரைக்கதையையும் முழுதாக எழுதி முடித்து, சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவு செய்துகொள்ளுங்கள். யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்பதற்கு மின்னஞ்சல் சாட்சி இருக்கட்டும்.

ஒன்லைன் நேரானதும் எழுதி வைத்திருக்கும் பக்கங்களை எடுத்து, அவன் முதல் தடவை சாமியாடுவது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷம் என்ற கணக்கில் அது 25-ஆம் பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். குறி கேட்பது 40-ஐ ஒட்டி. ஒன்லைனில் சொன்ன பொறியை இடைவேளை வரைக்கும் தள்ளிப்போட்டால், என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டே ரசிகர் ஒரு மணி நேரம் காத்திருப்பார். இடைவேளைக்கு அவரே எதிர்பார்க்காதது ஒன்று வேண்டும். பணம் எடுக்காதவன் வந்து காலில் விழுந்து ஒப்புக்கொள்வதை அங்கே வைத்துப் பாருங்கள்.